அரசாங்கத்துக்குப் பணம் கொடுப்பதென்றால், எந்த வாசலில் கொடுப்பது?

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு டீச்சர் அக்கா. அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடைப் பணம் வந்ததும் ஒரு லட்சத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: “அரசாங்கம் போட்ட சம்பளத்துலதான் ரெண்டு பிள்ளைகளையும் படிக்க வச்சேன். அதுக்கே திரும்பக் கொஞ்சம் குடுக்கணும்னு இருக்கு. எங்க குடுக்க?”

பக்கத்தில் இருந்த அவர் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சவுதியில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். “கோயிலுக்குக் குடு, அனாதை இல்லத்துக்குக் குடு. அரசாங்கத்துக்கு யாராவது சும்மா குடுப்பாங்களாக்கா? பெட்ரோல் அடிக்கும்போதெல்லாம் குடுத்துட்டுத்தானே இருக்கோம்?”

வேறு சிலரும் இதே கேள்வியோடு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மகன் கல்யாணச் செலவில் மிச்சம் பிடித்தவர், இன்னொருவர் இறந்த அப்பா பெயரில் ஏதாவது செய்ய நினைப்பவர். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இங்கே அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பெயரே கொடை. அதற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதற்குப் பெயர் வரி. சபையில் காணிக்கை, ஊர் கூடி உண்ணும் அசன விருந்துக்கு அரிசி, கடற்கரை ஊர்களில் மீன் விற்ற காசில் ஊருக்கு ஒரு பங்கு என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. 1970-ல் திறந்த விவேகானந்தர் பாறை மண்டபமும் நாடு முழுக்க ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாகத் திரட்டிய பணம் சேர்ந்து எழுந்ததுதான்.

இந்தத் தாராளம் அரசாங்கம் என்றதும் சுருங்கிப்போகிறது. திருவிதாங்கூர்க் காலத்துத் தலைவரியும் கூலியில்லாத ஊழியமும் இந்த மண்ணின் நினைவில் இன்னும் கிடக்கின்றன என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கொடை முடிந்த மறுவாரம் வரவு செலவு வாசிப்பார்கள். பந்தலுக்கு எவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு, பூவுக்கு எவ்வளவு. “வாழைக்குலை என்ன விலைக்கு எடுத்தீங்க?” என்று ஒருவர் எழுந்து நிற்பார். சண்டை வரும். ஐந்நூறு ரூபாய் வரி கொடுத்தவனுக்கு அந்தச் சண்டையைப் போட உரிமை இருக்கிறது. அந்த உரிமை கிடைக்கிற இடமாகப் பார்த்து அரசுக்குக் கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, கணக்கு: என் பணம் என்ன ஆயிற்று என்று பிறகு பார்க்க முடியுமா? இரண்டாவது, நாம் கொடுப்பதால் கூடுதலாக ஒரு வேலை நடக்கிறதா, இல்லை அரசு எப்படியும் செய்ய வேண்டியதை நாம் செய்து அதன் கையைக் கழுவ விடுகிறோமா? மூன்றாவது, பின்செலவு. கொடுத்த பொருளை யார் பராமரிப்பது? நான்காவது, வருமான வரிச் சலுகை. ஐந்தாவது, மனம்: இது உண்மையிலேயே நம் விருப்பமா, யாரோ தோளில் கைபோட்டு வாங்குகிறார்களா?

வரிச் சலுகையை இங்கேயே முடித்துவிடுகிறேன், பலர் அதில்தான் ஏமாறுகிறார்கள். கொடுத்த தொகையை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டும், 80ஜி என்று பழகிப்போன அந்தக் கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். புதிய வரி முறையில் இருந்தால் கொடைக்குக் கழிவு கிடையாது. ஓய்வூதியக்காரர்கள் பலர் இப்போது புதிய முறையில்தான் இருக்கிறார்கள், நம் டீச்சர் அக்காவும் அப்படித்தான். பழைய முறையில் இருப்பவர்களும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான் வேண்டும்.

## பொதுக் கஜானாவில் சும்மா போடுவது

தமிழக அரசின் ஒரு வருடச் செலவு நான்கு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். வகுத்துப் பார்த்தால் நொடிக்கு ஒன்றேகால் லட்சத்துக்குக் குறையாது. அக்காவின் ஒரு லட்சம், அவர் முப்பத்திரண்டு வருடம் உழைத்ததன் நன்றி, ஒரு நொடிக்குக்கூடக் காணாது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வாசல் உண்டு. நாட்டின் கடனை அடைக்க யார் வேண்டுமானாலும் பணம் அனுப்பலாம் என்று 1961-ல் சட்டமே போட்டார்கள். 1996-லிருந்து 2025 வரை அப்படி வந்த தொகை ஏழு கோடி டாலருக்கும் குறைவு. கடனோ 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அனுப்பியவர்களைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. பெயர் இல்லாத பானையில் ஊற்றிய தண்ணீரை யாராலும் திரும்ப அடையாளம் காட்ட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தென்கொரியாவைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். 1998 நெருக்கடியில் சுமார் 35 லட்சம் பேர் வீட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்து குவித்தார்கள், 220 டன்னுக்கு மேல். உண்மைதான். ஆனால் பெரும்பாலோர் அதைத் தானமாகக் கொடுக்கவில்லை, விலைக்கு விற்றார்கள். நாட்டுக்கு டாலர் கிடைத்தது, வீட்டுக்கு அவர்கள் பணம் கிடைத்தது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

இந்த வாசல் யாருக்குப் பொருந்தும்? கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்ட உறுத்தல் உள்ளவர்களுக்கு. அவர்களுக்கும் கொடை தேவையில்லை, பாக்கியைக் கட்டினால் போதும். மூன்று வருட வீட்டுவரி நிலுவையோடு நிவாரண நிதிக்குக் காசோலை நீட்டிப் படம் எடுத்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்தான், வேறொன்றும் சொல்வதற்கில்லை.

## முதலமைச்சர் நிவாரண நிதி, பிரதமர் நிதிகள்

முதலமைச்சர் பொது நிவாரண நிதி பட்ஜெட் பணத்தில் நடப்பதில்லை, மக்கள் தரும் பணத்தில் நடப்பது. பேரிடர் உதவிக்கும், வசதியற்றவர்களின் சிகிச்சை போன்ற தனிமனித உதவிக்கும் போகிறது. மத்தியில் பிரதமர் தேசிய நிவாரண நிதி 1948-ல் பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்காகத் தொடங்கியது. பிஎம் கேர்ஸ் 2020 மார்ச்சில் கொரோனாவோடு வந்தது. மூன்றுக்கும் பழைய வரி முறையில் முழுத் தொகைக்கும் கழிவு உண்டு. ஆனால் பிஎம் கேர்ஸ் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் பொது அமைப்பு அல்ல என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. கணக்கு என்ற முதல் அளவுகோலை நான் பெரிதாக நினைப்பதால், என் பணம் அங்கே போகாது.

நிவாரண நிதியின் பலம் வேகம். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் மழை கொட்டித் தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தபோது, தூத்துக்குடியில் இருப்பவனுக்கு நாகர்கோவிலில் இருந்துகொண்டு நாம் நேரடியாக என்ன செய்துவிட முடியும்? பிரெட்டும் போர்வையும் ஏற்றிய வண்டிகள் ஸ்ரீவைகுண்டம் பக்கம் போக வழியில்லாமல் நின்றன. அந்த மாதிரி நேரத்தில் பணத்தை ஒரே இடத்தில் கொடுத்துவிடுவதுதான் புத்தி.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மொத்த வரவு, மொத்தச் செலவு என்று அவ்வப்போது செய்தி வரும். உங்கள் பத்தாயிரம் எந்த வீட்டுக்குப் போனது என்று தெரியாது. அப்புறம், போலிக் கணக்குகள். பேரிடர் வந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் வலம்வரும் கியூஆர் கோடுகளை நம்ப வேண்டாம். அரசின் அதிகாரப்பூர்வத் தளத்துக்கு நீங்களே போய்க் கட்டுங்கள், இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நம் கடற்கரை ஊர்கள் முதலில் பணம் கேட்கவில்லை. கடலுக்குள் போய் மீனவர்களைத் தேடுங்கள், கப்பலையும் ஹெலிகாப்டரையும் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அதைக் கேட்டுத்தான் ஆயிரக்கணக்கான பேர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடும் கப்பலை எந்த நிதி திரட்டியும் அன்றைக்கு வாங்க முடியாது. அது வரிப்பணத்தில் முன்கூட்டியே நிற்க வேண்டியது. இரண்டாவது அளவுகோலை நான் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு இதைவிட உதாரணம் என்னிடம் இல்லை.

கொடிநாள் நிதி தனி ரகம். 1949 முதல் டிசம்பர் 7-ல் திரட்டுகிறார்கள், முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நலனுக்குப் போகிறது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய இருக்கும் மாவட்டம் நம்முடையது. நூறு, ஐந்நூறு என்றால் யோசிக்காமல் கொடுக்கலாம். ஒரு லட்சத்தைக் கொண்டுபோகும் இடமாக நான் அதை நினைக்கவில்லை.

## நமக்கு நாமே திட்டம்

எனக்குப் பிடித்தது இதுதான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

1997-98-ல் வந்த திட்டம். பிறகு ஆட்சி மாறித் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் இதே பாணியில் நடந்தது, 2021-க்குப் பிறகு பழைய பெயர் திரும்பியது. பொதுப் பணி ஒன்றின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். சில வகை வேலைகளுக்கு மக்கள் பங்கு பாதி. கோயில், சர்ச், மசூதிக்குக் கிடையாது. குளம், பள்ளிச் சுற்றுச்சுவர், அங்கன்வாடி, பூங்கா, நூலகம் மாதிரி பொதுவானவைதான்.

கணக்கு எளிது. மூன்றில் ஒரு பங்கு போதும் என்கிற வேலையானால், அக்காவின் ஒரு லட்சம் மூன்று லட்சத்து வேலையாகிறது. எந்த வேலை என்று காகிதத்தில் இருக்கும், எந்த இடம் என்று காலால் நடந்து பார்க்கலாம். கொடை முடிந்து வாழைக்குலை விலை கேட்கிற மாதிரி, சிமென்ட் எத்தனை மூட்டை என்று கேட்கலாம். பாதியோ அதற்கு மேலோ நீங்களே போட்டால் வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் கேட்கலாம்.

நம் மாவட்டத்தில் இதற்கு இயல்பான இடம் குளம். சிறிதும் பெரிதுமாக இரண்டாயிரத்துக்கு மேல் குளங்கள் உள்ள ஊர் இது. ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பவை, கரையில் கோழிக்கழிவு கொட்டப்படுபவை, பாதி நிரவி வாழை வைக்கப்பட்டவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சோகக் கதை உண்டு. ஆனால் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேட்டுத் தெளிய வேண்டும்: அந்தக் குளம் யாருடையது? நீர்வளத் துறையா, ஊராட்சியா, பேரூராட்சியா, தேவஸ்தானமா? நம் மாவட்டத்தில் பேரூராட்சிகளே சுமார் ஐம்பது. கிராம ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். தவறான மேசையில் மனுக் கொடுத்தால் ஆறு மாதம் அந்த மேசையிலேயே தூங்கும்.

மறைந்திருக்கும் செலவு நேரம். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர், மழை, தேர்தல் நடத்தை விதி என்று ஒரு வருடம் போகலாம். இந்த ஆண்டுக்கு நிதி ஒதுக்கீடு மிச்சம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒப்பந்தக்காரரே மக்கள் பங்கைக் கட்டிவிட்டு வேலையையும் எடுத்துக்கொள்கிறார் என்ற புகார் பழையது. அப்படி ஒருவர் “உங்க பேரை மட்டும் குடுங்க அண்ணாச்சி” என்று வந்தால் கொடுக்காதீர்கள்.

இதில் ஒரு அநியாயமும் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு புரட்ட முடிந்த ஊருக்குத்தான் அரசின் மீதிப் பங்கு போகிறது. கல்ஃப் பணம் உள்ள ஊர் குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டுவிடும். மலையடிவாரத்தில் ரப்பர் பால்வெட்டும் கூலித் தொழிலாளிகள் இருக்கும் ஊர் எங்கே புரட்டும்? கையில் பணம் இருப்பவர்கள் சொந்த ஊரைத் தாண்டி அப்படிப்பட்ட ஒரு ஊரின் பங்கைக் கட்டினால் அதுதான் பெரிய கொடை. அக்காவிடம் இதைச் சொன்னபோது உடனே பதில் சொல்லவில்லை.

வரிச் சலுகை இங்கே குறைவு. அரசுக்கோ உள்ளாட்சிக்கோ தரும் கொடைக்குப் பொதுவாகப் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதற்கும் வருமானத்தில் பத்து சதவீதம் என்ற வரம்பு உண்டு.

## அரசுப் பள்ளி, அரசு ஆஸ்பத்திரி

2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாக ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து அதன் தேவைக்குக் கொடுக்கலாம். ரசீது வரும். ஒன்றைக் கவனியுங்கள்: நம் மாவட்டத்தில் நாம் “நம்ம ஸ்கூல்” என்று நினைக்கும் பல பள்ளிகள் சபையோ மறைமாவட்டமோ நடத்தும் உதவிபெறும் பள்ளிகள். அவற்றுக்குக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அது அரசுக்குக் கொடுப்பதாகாது.

இதன் ஆபத்து பின்செலவு. அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். பழைய மாணவர்கள் இருபது பேர் சேர்ந்து, படித்த பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். ரிப்பன், லட்டு, படம் எல்லாம் உண்டு. ஒன்றரை வருடத்தில் ஃபில்டர் மாற்ற வேண்டி வந்தது. நாலாயிரம் ரூபாய்தான். பள்ளியிடம் அதற்கென்று பணம் இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டபோது கைகூப்பும் படங்கள் நிறைய வந்தன, பணம் வரவில்லை. போன வருடம் போய்ப் பார்த்தேன். இயந்திரத்தின் மேல் பழைய நோட்டுக்கட்டுகள் அடுக்கியிருந்தார்கள். எங்கள் பெயர் பொறித்த பலகை மட்டும் பளபளவென்று இருந்தது. பள்ளிமேல் எனக்குக் கோபம் இல்லை, வெட்கம் எங்களுக்குத்தான்.

அதனால் இயந்திரம் கொடுக்கிறவர்கள் ஐந்து வருடப் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்து ஒதுக்கிவிட்டுக் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்: கருவியை இயக்க ஆள் இருக்கிறாரா, அதற்கு மாதாமாதம் வேண்டிய பொருள் யார் கணக்கில் வரும் என்று கேட்காமல் வாங்காதீர்கள். கொடுத்த பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, அந்தப் பக்கத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பே கேட்காத கொடை நிலம். மதுரை அருகே கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் அரசுப் பள்ளியைத் தரம் உயர்த்த ஒன்றரை ஏக்கர் நிலத்தை எழுதிக் கொடுத்தது 2024 தொடக்கத்தில் எல்லாரும் அறிந்தது. நம் ஊரில் சென்ட் விலையைக் கேட்டால் தலை சுற்றும், அங்கன்வாடிக்கு நான்கு சென்ட் கிடைக்காமல் வாடகை வீட்டில் நடக்கிறது. கொடுப்பதானால் பத்திரத்தில் எந்த உபயோகத்துக்கு என்று தெளிவாக எழுதுங்கள், பிள்ளைகளின் சம்மதத்தோடு எழுதுங்கள்.

## கொடுக்காமல், விட்டுக்கொடுப்பது

இதை யாரும் கொடையாக நினைப்பதில்லை. 2015-ல் சமையல் எரிவாயு மானியத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னபோது ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் விட்டார்கள். ரேஷனிலும் பொருள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பண்டகமில்லா அட்டையாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

மாதாமாதம் ரேஷன் அரிசியை வாங்கி, வாசலுக்கு வரும் ஆளிடம் சில்லறைக்கு விற்றுவிடும் வீடுகள் நம் தெருக்களில் உண்டு. அது களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போவது ஊரறிந்த ரகசியம். அந்த அரிசியை வாங்காமல் விடுவது, வருடத்துக்கு ஒரு முறை நிவாரண நிதிக்கு ஆயிரம் அனுப்புவதைவிட அரசுக்கு லாபம். பின்செலவு இல்லை, கணக்குக் கேட்கவும் வேண்டாம்.

செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. பொங்கல் பரிசும் வெள்ள நிவாரணமும் ரேஷன் அட்டையை வைத்துத்தான் வருகின்றன. 2023 டிசம்பர் மழைக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். அட்டையின் வகையை மாற்றினால் நாளைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது வரிசையில் உங்களுக்கு இடம் இல்லாமல் போகலாம். நிலையான ஓய்வூதியம் உள்ள வீடு இதைத் தாங்கும். கட்டுமரத்தை நம்பி இருக்கும் வீடு தாங்காது, அவர்கள் விட வேண்டாம்.

## தம்பி சொன்ன வழி

கொடுக்கவே வேண்டாம், வரி கட்டுகிறோம், அது போதும் என்பது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். சோப்பு வாங்குகிற ஏழையும் ஜிஎஸ்டி கட்டுகிறான். மேலே கொடுப்பது கடமை என்று யாராவது சொன்னால் அது கொடை என்ற சொல்லையே கெடுத்துவிடும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள முதல்வரின் நிதிக்கு நாலாயிரம் கோடிக்கு மேல் குவிந்தது, உலகமெங்கும் இருந்த மலையாளிகள் மனமாரக் கொடுத்தார்கள். அதே நேரத்தில் அரசு ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டு, விருப்பமில்லாதவர்கள் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நிறுத்தியது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வது ஆளை அவமானப்படுத்துவதுதானே? சங்கம் சொல்லிவிட்டது என்று ஒரு நாள் சம்பளம் பிடிக்கப்பட்ட அனுபவம் அக்காவுக்கும் உண்டு. “அதுல குடுத்தது எனக்கு ஞாபகமே இல்ல” என்றார்.

கடன் உள்ளவர், சேமிப்பு இல்லாதவர், வயதான காலத்துக்கு மருத்துவச் செலவு ஒதுக்காதவர், இவர்களெல்லாம் தம்பி வழியில் போவதுதான் சரி. சொந்தத் தெருவில் ஒரு நோயாளி பணமில்லாமல் கிடக்கும்போது அரசாங்கத்தைத் தேடிப்போக வேண்டியதும் இல்லை.

## அக்கா என்ன செய்தார்

முதலில் வீட்டுவரி, குடிநீர்க் கட்டண ரசீதுகளை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒரு அரையாண்டு விட்டுப்போயிருந்தது, கட்டினார். அரிசி வாங்குவதை நிறுத்தினார், ஆனால் அட்டையை மாற்றவில்லை. தம்பிதான் மாற்ற வேண்டாம் என்றார். ஒரு லட்சத்தில் இருபதாயிரத்தை அவர் கடைசியாக வேலை பார்த்த பள்ளியின் கழிவறைப் பராமரிப்புக்கென்று ஒதுக்கி, மூன்று தவணையாகக் கொடுப்பதாகத் தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறார். ஒரே தடவையில் கொடுத்தால் ஒரே தடவையில் செலவாகிவிடும் என்பது அவர் கணக்கு.

மீதி எண்பதாயிரம் குளத்துக்கு. சொந்த ஊர்க் குளம் இல்லை, அவர் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த குலசேகரம் பக்கத்து ஊரில் ஒரு சின்னக் குளம். பால்வெட்டுத் தொழிலாளிகள் குளிக்கிற இடம், படித்துறை இடிந்து கிடக்கிறது. குளம் பேரூராட்சியுடையது என்பதை உறுதி செய்துகொண்டு மனுக் கொடுத்தார். ஏழு வாரம் கழித்துப் போன வியாழக்கிழமை அளவெடுக்க ஆள் வந்தது. சாரல் மழை. அக்கா தம்பியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப்போய்க் குடை பிடித்தபடி கரையில் நின்றிருக்கிறார். டேப்பின் ஒரு முனையைப் பிடித்தது தம்பி. “படித்துறை அகலம் ஏன் சார் கம்மியா போடுதீங்க?” என்று அளக்க வந்தவரிடம் முதலில் கேட்டதும் அவர்தானாம்.